நாற்காலியைப் பிடித்திருந்தவர்கள்

ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் புயல் காட்சிக்குப் போயிடுவாங்க. வயசான ராஜா, கொட்டுற மழை, கூடவே ஒரு கோமாளி. இல்லைன்னா முதல் காட்சி: என்னை யார் எவ்வளவு நேசிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அதைப் பார்த்து நாட்டைப் பங்கு போடுகிறேன் என்று மூன்று மகள்களிடமும் லியர் கேட்பது. இரண்டும் பெரிய காட்சிகள்தான். நான் இங்கே எடுத்துக்கொள்வது மூன்றாம் அங்கத்தின் ஏழாம் காட்சி. அதிலும் குறிப்பாக அந்தக் காட்சியில் வரும் ஒரு நாற்காலி, அதைப் பிடித்திருந்த வேலைக்காரர்கள்.

நாடகத்தைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகஸ்துதி செய்யாத கடைசி மகள் கார்டீலியாவை லியர் விரட்டிவிடுகிறான். அது தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்ன கென்ட் பிரபுவை நாடு கடத்துகிறான். நாட்டை வாங்கிக்கொண்ட மூத்த மகள்கள் கானரிலும் ரீகனும் சீக்கிரமே அப்பாவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். க்ளாஸ்டர் என்கிற பிரபு, யாருக்கும் தெரியாமல் கிழவனை டோவருக்கு அனுப்பி வைக்கிறார். அங்கேதான் கார்டீலியா பிரெஞ்சுப் படையோடு வந்து இறங்கியிருக்கிறாள். இதை க்ளாஸ்டரின் மகன் எட்மண்ட் (முறையான மனைவிக்குப் பிறக்காதவன்) ரீகனின் கணவன் கார்ன்வாலிடம் போட்டுக் கொடுத்துவிடுகிறான்.

இனி அந்தக் காட்சி. நடப்பது க்ளாஸ்டரின் சொந்த வீட்டில். கார்ன்வாலும் ரீகனும் அங்கே விருந்தாளிகள். வீட்டுக்காரரையே பிடித்து வரச் சொல்லி, அவர் வீட்டு நாற்காலியிலேயே உட்காரவைத்துக் கட்டச் சொல்கிறார்கள். ரீகன் அவருடைய வெள்ளைத் தாடியைப் பிடித்து இழுக்கிறாள். பிறகு கார்ன்வால் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஆட்களுக்கு உத்தரவு போட்டுவிட்டு, க்ளாஸ்டரின் ஒரு கண்ணை நசுக்குகிறான்.

க்ளாஸ்டர் வந்து சேர்வதற்கு முன்னால் கார்ன்வால் சொல்லும் சில வார்த்தைகளைக் கவனிக்கணும். விசாரணை என்ற சடங்கு இல்லாமல் இந்த ஆளின் உயிரை எடுக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். அதை அவனே சொல்கிறான். ஆனால் என் கோபத்துக்கு என் அதிகாரம் கொஞ்சம் மரியாதை செய்யும், ஊர் குறை சொல்லலாம், தடுக்க முடியாது என்ற பொருளில் மேலே போகிறான். கொடுங்கோன்மைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த அரசியல் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அவனுக்குச் சட்டம் தெரியும், நியாயம் தெரியும், நாலு பேர் பேசுவாங்கன்னும் தெரியும். தடுப்பவர் யாருமில்லை என்பது மட்டும்தான் அவன் கணக்கு. அந்தக் கணக்குக்கு அடிப்படை அவன் தோள்வலி கிடையாது. கயிற்றைக் கட்டியவர்கள் வேறு ஆட்கள். நாற்காலியைப் பிடித்தவர்களும் வேறு ஆட்கள். அவர்கள் பிடித்திருக்கும்வரைதான் அவன் சொன்னது உண்மை.

ஒரு கண் போனதும் ரீகன், ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் கேலி செய்யும், அதையும் எடுத்துவிடு என்கிறாள். அப்போது கார்ன்வாலின் ஆட்களில் ஒருவன் நிறுத்தச் சொல்கிறான். அவனுக்குப் பெயர் கிடையாது. அச்சடித்த பிரதிகளில் வெறும் 'வேலைக்காரன்', 'முதல் வேலைக்காரன்'. சின்னப் பையனாக இருந்த நாளிலிருந்து உங்களிடம் வேலை பார்க்கிறேன், இதுவரை செய்ததிலேயே நல்ல சேவை இப்போது உங்களை நிறுத்தச் சொல்வதுதான் என்று அவன் சொல்வதன் சாரம். ரீகன் அவனை நாயே என்கிறாள். உங்களுக்குத் தாடி இருந்தால் பிடித்து உலுக்கியிருப்பேன் என்று அவளுக்குப் பதில் வருகிறது. சற்று முன்னால் அவள் யார் தாடியைப் பிடித்தாள் என்பதை அவன் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்!

கார்ன்வாலுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். என் பண்ணையாளா என்று கத்துகிறான். அங்கே அவன் சொல்லும் சொல்லை இரண்டு விதமாகவும் கேட்கலாம். ஆங்கிலத்தில் 'வில்லன்' என்ற சொல்லே பண்ணையடிமையைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்ததுதான். நிலம் இல்லாதவன் கெட்டவனாகத்தான் இருப்பான் என்று நிலம் வைத்திருந்தவர்கள் நினைத்ததன் மிச்சம். நம்ம சினிமா வில்லனுக்கு இப்படி ஒரு பூர்வீகம் இருக்குன்னு சொன்னா பலபேர் நம்ப மாட்டாங்க. வாள்கள் வெளியே வருகின்றன. கார்ன்வாலுக்குக் காயம். ரீகன் இன்னொருவனிடமிருந்து வாளை வாங்கி, ஒரு குடியானவன் இப்படி எதிர்த்து நிற்பதா என்று கேட்டபடி பின்னாலிருந்து குத்துகிறாள். சாகும்போது அந்த வேலைக்காரன் க்ளாஸ்டரைப் பார்த்து, உங்களுக்கு இன்னும் ஒரு கண் மிச்சம் இருக்கிறது, இவனுக்கு நேர்வதை நீங்கள் பார்க்கலாம் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறான். அதைக் கேட்ட உடனே கார்ன்வால் அந்தக் கண்ணையும் பிடுங்கி எடுக்கிறான். வேலைக்காரனின் உடலைக் குப்பைமேட்டில் வீசச் சொல்கிறான். மேடையில் மொத்தமே ரெண்டு நிமிஷம்தான் இருக்கும்.

சி. எஸ். லூயிஸ் 1960-ல் வெளியான 'உலகின் கடைசி இரவு' தொகுப்பில் இந்த வேலைக்காரனைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறார். மொத்தம் எட்டு வரிதான் இவன் பாகம், ஆனால் இது நாடகமாக இல்லாமல் நிஜ வாழ்க்கையாக இருந்தால் நடிக்கத் தகுந்த மிகச் சிறந்த பாகம் இதுவே என்பது அவர் கருத்து. நாடகம் எப்படி முடியும் என்று தெரியாமலே, தன் காட்சியில் தன்னால் ஆனதைச் செய்தவன் என்று அவனைப் பார்க்கிறார். அழகான வாசிப்பு. ஆனால் லூயிஸ் அவனைத் தனி மனிதனின் மனசாட்சியாக மட்டும் நிறுத்திவிடுகிறார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவன் தேர்ந்தெடுத்த சொல். நான் இனி உன் ஆள் இல்லை என்று அவன் சொல்லவில்லை. உன்னை விட்டுப் போகிறேன் என்றும் சொல்லவில்லை. இதுதான் சேவை என்கிறான். விசுவாசம் என்ற சொல்லை எஜமானின் கையிலிருந்து வாங்கித் தன் கையில் வைத்துக்கொள்கிறான்.

அந்தச் சொல் அதுவரை யார் கையில் இருந்தது என்று பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். இரண்டாம் அங்கத்தின் ஆரம்பத்தில் க்ளாஸ்டர் ஒருவனை விசுவாசமுள்ள மகன் என்று வாயாரப் புகழ்ந்து, சொத்தையெல்லாம் அவன் பேருக்கு மாற்றுவதாகச் சொல்கிறார். அந்த மகன் எட்மண்ட். அடுத்த அங்கத்தில் அதே எட்மண்ட் அப்பாவின் கடிதத்தைக் கார்ன்வாலிடம் கொடுத்துவிட்டு, ரத்த பாசம் ஒரு பக்கம் இழுத்தாலும் நான் விசுவாசத்தின் வழியிலேயே போவேன் என்று முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு பேசுகிறான். அதற்குக் கூலியாக அப்பாவின் பிரபுப் பட்டம் அவனுக்குக் கிடைக்கிறது. கார்ன்வாலின் ஆட்சியில் விசுவாசம் என்பது ரசீது போட்டு வாங்குகிற சரக்கு.

எட்மண்ட் போலி, அவனை விட்டுவிடலாம். சங்கடம் ஆஸ்வால்டிடம் இருக்கிறது. இவன் கானரிலின் காரியஸ்தன். நாடகத்தில் யாருக்கும் இவனைப் பிடிக்காது, வாசகர்களுக்கும்தான். கோழை, அலட்டல், குருடான க்ளாஸ்டரைக் கொன்று பரிசு வாங்கலாம் என்று ஓடி வருகிறவன். ஆனால் நிதானமாகப் பாருங்க: இவன் விசுவாசத்தில் ஒரு பொத்தல்கூடக் கிடையாது. எஜமானி எட்மண்டுக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டு போகும் வழியில் ரீகன் அவனை மடக்கி, நைச்சியமாகப் பேசி, பிரித்துப் பார்க்கக் கொடு என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறாள். அவள் ஒரு ராணி. இவன் ஒரு வேலைக்காரன். கொடுக்க மறுத்துவிடுகிறான். பிறகு எட்கரின் கையில் அடிபட்டுச் சாகும்போதும் அவன் கேட்பது தண்ணீரோ தயவோ இல்லை. என் பணப்பையை எடுத்துக்கொள், என்னைப் புதைத்துவிடு, இந்தக் கடிதங்களை எட்மண்டிடம் சேர்த்துவிடு, அவ்வளவுதான். எட்கர் அந்தப் பிணத்தைப் பார்த்து, எஜமானியின் தீமைக்கு எவ்வளவு கடமையாக உழைக்க முடியுமோ அவ்வளவு உழைத்தவன் என்ற பொருளில் ஒரு தீர்ப்புச் சொல்கிறான். அந்தத் தீர்ப்பில் கடமை என்பதை அவன் மறுக்கவில்லை. ஆஸ்வால்ட் ஒரு நல்ல வேலைக்காரன். அதுதான் பயமாக இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் கென்ட். விசுவாசம் என்றாலே விமர்சகர்கள் சுட்டுவது இவரைத்தான். நாடு கடத்தப்பட்ட பிறகும் மாறுவேஷத்தில் திரும்பி வந்து, தன்னை விரட்டிய அரசனிடமே கூலியாளாகச் சேருகிறார். முதல் காட்சியில் அவர் பேசும் தைரியம் நிஜம். லியர் வாளில் கை வைத்த பிறகும் அவர் நிறுத்துவதில்லை. நமக்கு இந்த மாதிரி ஆளை நன்றாகவே தெரியும். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். கம்பனின் கும்பகருணன் அண்ணனிடம் சீதையை விட்டுவிடு என்று சொல்லிப் பார்க்கிறான், கேட்கவில்லை என்றதும் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு அவனுக்காகவே சாகப் போகிறான். வீடணன் சொல்லிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போய்விடுகிறான். இந்த இருவரில் யார் சரி என்று பட்டிமன்றம் போட்டே நமக்குப் பழக்கம். உள்ளே இருந்து சாவது, வெளியே போவது என்ற இரண்டு வழிகளைத்தான் அந்தப் பட்டிமன்றம் பார்க்கிறது. கார்ன்வாலின் வேலைக்காரன் மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறான். வெளியே போகாமல், அந்த அறைக்குள்ளேயே, எஜமானின் கையைப் பிடிக்கிறான்.

கென்ட் பக்கம் திரும்புவோம். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அவரைச் சுற்றிப் போடப்படும் மாலைகள் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். மாறுவேஷத்தில் வந்து லியரிடம் வேலை கேட்கும்போது, உங்கள் முகத்தில் நான் எஜமான் என்று கூப்பிட விரும்புகிற ஒன்று இருக்கிறது என்கிறார். அது என்ன என்று கேட்டால் அதிகாரம் என்கிறார். அவர் காதலிப்பது அதைத்தான், அது இருக்கும் முகத்தைத்தான். ஆஸ்வால்டைச் சந்திக்கும் இடத்தில் அவர் கொட்டும் வசவுகளைப் பாருங்க: எச்சில் தின்கிறவன், கம்பளிக் காலுறை போடுகிறவன், வருஷத்துக்கு மூணு உடுப்பு வாங்குகிறவன். பாதிக்கு மேல் அவன் வேலைக்காரன் என்பதற்கான வசவு. வேலைக்காரன் வேஷத்தில் இருக்கும் ஒரு பிரபு, நிஜ வேலைக்காரனை அவன் உடுப்பை வைத்துத் திட்டுகிறார். அந்தச் சண்டையில்தான் கார்ன்வால் அவரைப் பிடித்து, காலை மாட்டி வைக்கும் தொழுமரத்தில் உட்காரவைக்கிறான். அங்கே அவர் கார்டீலியாவின் கடிதத்தைப் படித்துவிட்டுத் தூங்குகிறார். ஆபத்து நிஜம்தான், கண்டுபிடித்தால் தலை போயிருக்கும். ஆனாலும் கென்டுக்குள் ஒரு பிரபு எப்போதும் பத்திரமாக இருக்கிறார். வேண்டியபோது அந்த வேஷத்தைக் கழற்றலாம். நான்காம் அங்கத்தில் கார்டீலியா நல்ல உடை மாற்றிக்கொள்ளச் சொல்கிறாள், இன்னும் நேரம் வரவில்லை என்கிறார். முதல் வேலைக்காரனுக்குக் கழற்ற வேஷம் எதுவும் கிடையாது.

இன்னொன்று. கென்டின் விசுவாசம் லியரின் கொடுங்கோன்மையை ஒருபோதும் தடுக்கவில்லை. சொல்லிப் பார்த்தார், விரட்டப்பட்டார், திரும்பி வந்து பணிவிடை செய்தார். கடைசியில் லியர் அவரைச் சரியாக அடையாளம்கூடக் கண்டுகொள்வதில்லை. நாட்டை ஆள அழைக்கும்போது, என் எஜமான் கூப்பிடுகிறார், நான் போகவேண்டும் என்று ஒதுங்கிக்கொள்கிறார். மனதை உருக்கும் இடம்தான், மறுக்கவில்லை.

இந்த வேலைக்காரனை ஷேக்ஸ்பியர் எங்கிருந்து எடுத்தார்? அவருக்கு முன்னாலேயே 'லீர் அரசன்' என்று ஒரு பழைய நாடகம் உண்டு, 1605-ல் அச்சில் வந்தது. அதில் அரசனைக் கொல்ல ஒரு தூதுவனைக் கூலி கொடுத்து அனுப்புகிறார்கள். அரசன் பேசிப் பேசி அவன் மனதைக் கரைக்கிறான், கூடவே வானத்தில் இடி இடிக்கிறது, அவன் நடுங்கிப்போய்க் கத்தியை விட்டுவிட்டுப் போகிறான். க்ளாஸ்டர் கதை, 1590-ல் வெளியான சர் பிலிப் சிட்னியின் 'ஆர்க்கேடியா'விலிருந்து வந்தது. அதில் கெட்ட மகனே அப்பாவின் கண்ணைப் பறித்துவிடுகிறான், குறுக்கே யாரும் வருவதில்லை. ஆக, கண் பிடுங்கும் இடத்தில் எழுந்து நிற்கும் வேலைக்காரன் ஷேக்ஸ்பியர் சேர்த்தது. பழைய நாடகத்தில் கூலியாளைத் திருத்திய இடியை அவர் என்ன செய்தார் என்பதும் சுவாரசியம். அதைத் தூக்கி மூன்றாம் அங்கத்துப் புயலில் போட்டுவிட்டார். அங்கே அது பாவிகளைத் தண்டிக்கச் சொல்லி லியர் எவ்வளவு கத்தினாலும் எதையும் செய்யாமல் வெறுமனே இடிக்கிறது. வேலைக்காரன் எழும் காட்சியிலோ வானத்திலிருந்து எந்தச் சைகையும் இல்லை.

சட்டப்படி அவன் செய்தது என்ன? இங்கிலாந்தில் 1351-ஆம் வருஷத் துரோகச் சட்டம், வேலைக்காரன் எஜமானைக் கொல்வதைச் சாதாரணக் கொலையாகப் பார்க்கவில்லை. 'சிறு துரோகம்' என்று தனிக் குற்றமாக வைத்திருந்தது. மனைவி கணவனைக் கொல்வதும் அதே தலைப்பில்தான். அரசனுக்கு எதிரானது பெருந்துரோகம், வீட்டு எஜமானுக்கு எதிரானது சிறு துரோகம். ஒவ்வொரு வீடும் ஒரு குட்டி ராஜ்யம் என்ற கணக்கு. 1828-ல்தான் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அதாவது, அன்றைக்கு மேடைக்கு முன்னால் இருந்தவர்களுக்கு அந்த வேலைக்காரன் கண்ணெதிரே செய்தது துரோகக் குற்றம். அதை அவன் சேவை என்ற பெயரில் செய்கிறான்.

முன்னால் இருந்தவர்களில் ஒருவர் அரசர் முதலாம் ஜேம்ஸ். 1606 டிசம்பர் 26 இரவு வைட்ஹால் அரண்மனையில் இந்த நாடகம் அவர் முன்னால் நடந்தது என்று 1608-ல் வந்த முதல் அச்சுப் பிரதியின் முகப்பிலேயே இருக்கிறது. ஜேம்ஸ் ஸ்காட்லாந்து அரசராக மட்டும் இருந்த 1598-ல், சுதந்திர முடியாட்சிகளின் மெய்யான சட்டம் என்று ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தார். அரசன் கொடியவனாகவே இருந்தாலும் குடிகள் அவன் கோபத்திலிருந்து விலகி ஓடலாம், கடவுளிடம் அழலாம், எதிர்த்துக் கை ஓங்கக்கூடாது என்பது அதில் அவர் வாதம். இந்த வாதத்தோடு கென்ட் சுமுகமாக ஒத்துப்போவார். வேலைக்காரன் ஒத்துப்போக மாட்டான். கார்ன்வால் அரசன் இல்லை, வெறும் டியூக்; கதை கிறிஸ்துவுக்கு முந்தைய பிரிட்டனில் நடக்கிறது; போதாததற்கு அவன் உடனே செத்தும் போகிறான். இத்தனை மறைப்பும் இருந்ததால் அது அரண்மனையில் ஓடியிருக்கும் என்பது என் ஊகம்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த வேலைக்காரனாக நடித்தவரும் வேலைக்காரர்தான். 1603-லிருந்து ஷேக்ஸ்பியரின் குழுவுக்கு 'அரசரின் ஆட்கள்' என்று பெயர். 1604 மார்ச்சில் ஜேம்ஸின் ஊர்வலத்துக்காக அவர்களில் ஒவ்வொருவருக்கும் நாலரை கஜம் சிவப்புத் துணி கொடுத்த கணக்கு இருக்கிறது, ஷேக்ஸ்பியர் பெயரும் அதில் உண்டு. கென்ட் கேலி செய்கிற அந்த எஜமான் வீட்டு உடுப்பு ஷேக்ஸ்பியருக்கு அந்நியமான விஷயம் இல்லை.

சரி, அவன் செத்ததால் என்ன நடந்தது? க்ளாஸ்டரின் இரண்டாவது கண் காப்பாற்றப்படவில்லை. அவன் கடைசி வார்த்தைதான் அந்தக் கண்ணைக் கார்ன்வாலுக்கு நினைவூட்டியது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கார்ன்வால் அந்தக் காயத்திலேயே செத்துப்போகிறான். ரீகன் விதவையாகிறாள், அவள் கண் எட்மண்ட் மேல் விழுகிறது. கானரிலுக்கும் அவன்தான் வேண்டும். செய்தி வந்ததும் கானரிலுக்கு முதலில் தோன்றுவது பாதி சந்தோஷம், பாதி பயம்: தங்கை இப்போது தனியாக இருக்கிறாளே, எட்மண்ட் அவள் பக்கத்தில் இருக்கிறானே! அந்தப் பயத்தோடு கணவன் ஆல்பனியைக் கொல்லச் சொல்லி எட்மண்டுக்கு அவள் எழுதிய கடிதம்தான் ஆஸ்வால்ட் உயிரைக் கொடுத்துக் காத்தது. ஆஸ்வால்ட் செத்ததும் அது எட்கர் கைக்கு வந்து, அங்கிருந்து ஆல்பனியிடம் போய், எல்லாரையும் காட்டிக்கொடுக்கிறது. அக்கா தங்கைக்கு விஷம் வைத்துவிட்டுத் தானும் குத்திக்கொள்கிறாள். கார்டீலியாவின் படை தோற்ற நாடகம் இது. அந்தக் கும்பலை உடைத்ததில் முதல் வெட்டு ஒரு வேலைக்காரனுடையது. ஆனால் இதே கணக்கின் இன்னொரு பக்கத்தையும் எழுதணும். கார்ன்வால் போனதால்தான் ரீகனின் படை எட்மண்ட் கைக்கு வருகிறது, கார்டீலியாவைத் தூக்கிலிடும் உத்தரவு எட்மண்டுடையது.

செய்தி ஆல்பனியிடம் சேரும் விதத்தையும் பார்க்கணும். கார்ன்வாலே வளர்த்த ஒரு வேலைக்காரன், இரக்கம் தாளாமல் எதிர்த்தான், எல்லாருமாகச் சேர்ந்து அவனை வீழ்த்தினார்கள் என்கிறான் தூதுவன். பின்னாலிருந்து குத்திய ரீகன் அந்த 'எல்லாருமாக'வுக்குள் மறைந்துவிடுகிறாள். அரசாங்கச் செய்தி எப்போதும் இப்படித்தான். கேட்ட ஆல்பனி, மேலே நீதிபதிகள் இருக்கிறார்கள் என்று தெரிகிறது என்று தேவர்களுக்கு நன்றி சொல்கிறான். வேலைக்காரன் யார், அவன் குடும்பம் என்ன ஆனது என்று ஒரு கேள்வி கிடையாது. நல்லவன்தான் ஆல்பனி. இருந்தும் தேவர்களுக்குப் போகும் நன்றியில் அந்த ஆளுக்குப் பங்கு இல்லை. ரீகனுக்கு அவனைவிட அரசியல் நன்றாகத் தெரியும். க்ளாஸ்டரை உயிரோடு விட்டது முட்டாள்தனம், அவன் போகும் இடமெல்லாம் சனங்களின் மனம் நமக்கு எதிராகத் திரும்புகிறது என்று அவளே பிறகு ஆஸ்வால்டிடம் சொல்கிறாள். ஊர் குறை சொல்லும், தடுக்காது என்ற கார்ன்வாலின் கணக்கு அவளுக்கு இப்போது பொய்யாகத் தெரிகிறது.

நாற்காலியைப் பிடித்திருந்த மற்ற இரண்டு பேர் என்ன ஆனார்கள்? 1608-ஆம் வருஷக் குவார்ட்டோ பிரதியில், எல்லாரும் போன பிறகு அவர்கள் இரண்டு பேரும் சில வரிகள் பேசுகிறார்கள். இவனுக்கு நல்ல சாவு வந்தால் நான் எந்தப் பாவத்துக்கும் அஞ்சமாட்டேன் என்கிறான் ஒருவன். ரத்தம் வழியும் முகத்துக்குச் சணல் நாரும் முட்டை வெள்ளைக்கருவும் எடுத்து வருகிறேன் என்கிறான் மற்றவன். முட்டை வெள்ளைக்கரு அன்றைய கைவைத்தியம். நாடகத்தில் இத்தனை பேரழிவுக்கு நடுவில் ஒருத்தன் சமையலறைப் பக்கம் போகிறான். 1623-ல் வந்த ஃபோலியோ பிரதியில் இந்த வரிகள் இல்லை. குவார்ட்டோவில் இருந்து ஃபோலியோவில் இல்லாமல் போன சுமார் 300 வரிகளில் இவையும் அடக்கம். ஷேக்ஸ்பியரே வெட்டினாரா, மேடைக்காக வேறு யாராவது சுருக்கினார்களா என்று அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 1986-ல் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பு இரண்டையும் தனித்தனி நாடகங்களாகவே அச்சிட்டது.

1962-ல் பீட்டர் புரூக் பால் ஸ்கோஃபீல்டை லியராக வைத்து ஸ்ட்ராட்ஃபோர்டில் மேடையேற்றியபோது அந்த வரிகளை எடுத்துவிட்டார். வேலைக்காரர்கள் குருடான க்ளாஸ்டரை இடித்துக்கொண்டு மேடையைச் சுத்தம் செய்கிறார்கள், அவர் தடுமாறி வெளியேறும்போதே இடைவேளைக்கான அரங்க விளக்குகளும் எரிகின்றன. பார்வையாளர்களைச் சும்மா விடக்கூடாது என்பது அவர் நோக்கம். புரிகிறது, துணிச்சலும்தான். எனக்கு அதில் சம்மதம் இல்லை. உலகம் இரக்கமற்றது என்று காட்ட, பிரதியில் இரக்கம் காட்டும் ஒரே கூலியாட்களின் வாயை அடைக்க வேண்டியிருக்கிறது பாருங்க. அவர்கள் பேசினால் காட்சி இளகிவிடும் என்பது புரூக்கின் பயம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஐந்து நிமிஷம் முன்னால் நாற்காலியைப் பிடித்திருந்த அதே கைகள்தான் முட்டையைத் தேடிப் போகின்றன. அவர்கள் கொடியவர்கள் இல்லை. சொன்னதைச் செய்தவர்கள். அந்த வரிகளை வைத்துக்கொண்டால்தான் அது தெரியும், கலவரம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஃபோலியோவில் காணாமல் போன இன்னும் சில வரிகள் ஐந்தாம் அங்கத்தில் இருக்கின்றன. எட்மண்ட் ஒரு படைத்தலைவனைக் கூப்பிட்டு, மடித்த காகிதம் ஒன்றைக் கொடுக்கிறான். கார்டீலியாவையும் லியரையும் கொல்லும் உத்தரவு. ஏற்கனவே உன்னை ஒரு படி உயர்த்தியிருக்கிறேன், இதைச் செய்தால் இன்னும் மேலே போவாய், முடியாதென்றால் வேறு பிழைப்பைப் பார் என்கிறான். படைத்தலைவன் சரி என்கிறான். குவார்ட்டோவில் மட்டும் அவன் ஒரு காரணமும் சொல்கிறான்: நான் வண்டி இழுக்கிற குதிரை இல்லை, குதிரைத் தீனியும் எனக்குச் செல்லாது, மனுஷன் செய்யக்கூடிய வேலை என்றால் செய்துவிடுகிறேன், என்கிற அர்த்தத்தில். வயிற்றுப்பாட்டுக்கான பதில். விசுவாசம் என்ற சொல் அவன் வாயில் வருவதில்லை, அவனிடம் அதை யாரும் கேட்கவும் இல்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு போகிறான், கார்டீலியாவைத் தூக்கில் போடுகிறான். அதைச் செய்துகொண்டிருந்தவனைத் தன் கையாலேயே கொன்றதாக லியர் சொல்கிறான். நின்றுகொண்டிருந்த ஒரு போர்வீரன், ஆமாம், உண்மைதான் என்கிறான். அவனுக்கும் பெயர் கிடையாது.